2009இல் உங்களுக்கு எத்தனை வயது? கிளினிக் அட்டை கேட்காத கேள்வி

விசுவமடுவில் நடுத்தர வயதைக் கடந்த ஒருவரிடம் கிளினிக் அட்டையைக் கேட்டால், பெரும்பாலும் ஒரு பொலித்தீன் பைக்குள்ளிருந்துதான் எடுத்துத் தருவார். அடையாள அட்டை, காணி அனுமதிப்பத்திரம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் அதே பைக்குள் இருக்கும். இடம்பெயர்ந்து பழகிய சனம் கடதாசியைக் காப்பாற்றும் முறை அது.

நீரிழிவு பற்றி எழுதுவதற்காகக் கடந்த சில மாதங்களில் விசுவமடு, உடையார்கட்டு, தேராவில் பக்கங்களில் பலரைச் சந்தித்தேன். அவர்கள் காட்டிய அட்டைகளில் நிறைக்கும் உயரத்துக்கும் அடுத்ததாக ஓர் இலக்கம் இருந்தது. உடற்திணிவுச் சுட்டி, அதாவது பி.எம்.ஐ. பலருடைய அட்டையில் அது 18.5இற்கும் 25இற்கும் இடையில் இருந்தது. அதற்குப் பொருள் 'சாதாரணம்'. அந்தச் சொல்லை நம்பி நிம்மதியாக இருந்தவர்களில் சிலர் இன்று இன்சுலின் போடுகிறார்கள்.

ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு தாய் சொன்னார்: "நிறை சரி எண்டுதான் தம்பி சொன்னவை. நானும் மெலிஞ்ச ஆள்தானே, எனக்கென்ன வருத்தம் வரப்போகுது எண்டு இருந்திட்டன். பிறகு காலிலை புண் வந்து மாறாமல் போகேக்கைதான் சீனி வருத்தம் எண்டு தெரிஞ்சது."

அவருடைய நிறை சரியாகத்தான் அளக்கப்பட்டிருந்தது. உயரமும் சரி, வகுத்த கணக்கும் சரி. பிழை அந்த இலக்கத்திடம் நாம் எதிர்பார்த்ததில் இருக்கிறது. இந்தச் சுட்டி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது, வயதோடு அதன் பொருள் எப்படி மாறுகிறது என்பதைப் போரைக் கடந்து வந்த ஒரு சமூகம் அறிந்திருப்பது அவசியம்.

ஒரு புள்ளிவிபரவியலாளரின் கணக்கு

கணக்கு எளிமையானது. கிலோகிராமிலுள்ள நிறையை, மீற்றரிலுள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். இதை 1830களில் முன்வைத்தவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த அடோல்ப் கெற்லே. அவர் வைத்தியர் அல்ல. வானியலும் புள்ளிவிபரவியலும் படித்தவர். ஒரு சனத்தொகையின் 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்று அறிவதே அவரது நோக்கம். தனியொரு நோயாளியின் உடல்நிலையை அறிய அவர் இதை உருவாக்கவில்லை.

1972இல் அமெரிக்க உடலியல் ஆய்வாளர் ஆன்செல் கீஸ் ஐந்து நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 7,400 ஆண்களின் அளவுகளை ஆராய்ந்து, உடற்பருமனை மதிப்பிடப் பயன்பட்ட எளிய சூத்திரங்களில் இது பரவாயில்லை என்று கண்டார். 'உடற்திணிவுச் சுட்டி' என்ற பெயரும் அப்போதுதான் வந்தது. அந்த ஆய்வில் பெண்கள் இல்லை, சிறுவர் இல்லை, தென்னாசியரும் இல்லை.

பின்னர் உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தோருக்கான எல்லைகளை வகுத்தது. 18.5இற்குக் கீழ் நிறை குறைவு, 25இற்கு மேல் அதிக நிறை, 30இற்கு மேல் உடற்பருமன். இந்த எல்லைகள் ஆசியருக்குப் போதாது என்பதால், 2004இல் அதன் நிபுணர் குழுவொன்று 23, 27.5 என்ற மேலதிக எச்சரிக்கைப் புள்ளிகளைப் பரிந்துரைத்தது. அந்தத் தாயின் சுட்டி 23.6. பழைய எல்லைப்படி அவர் சாதாரணம். ஆசியருக்கான புள்ளிப்படி கவனிக்கப்பட வேண்டியவர்.

ஒரே இலக்கம், பத்து வயதில் ஒன்று, நாற்பதில் இன்னொன்று

இந்தச் சுட்டி வாழ்நாள் முழுவதும் ஒரே சீராக ஏறுவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைகளின்படி, பிறக்கும்போது ஓர் ஆண் குழந்தையின் நடுத்தரச் சுட்டி 13 அளவில் இருக்கும். ஆறாம் மாதமளவில் அது 17ஐத் தாண்டும். பிள்ளை நடக்கவும் ஓடவும் தொடங்க மெல்லக் குறைந்து, ஐந்து வயதில் 15 அளவுக்கு வரும். கொழுகொழுவென்று இருந்த பிள்ளை மெலிந்துவிட்டதே என்று தாய்மார் கவலைப்படும் வயது அது. பெரும்பாலும் அது இயல்பான மாற்றம்தான். அதன் பின் மீண்டும் ஏறத் தொடங்கி, பத்து வயதில் 16.4, பதினைந்தில் 20ஐ அண்டி, பத்தொன்பதில் 22 என்று போகும்.

ஆகவே பிள்ளைகளுக்கு 18.5, 25 என்ற எல்லைகள் பொருந்தவே பொருந்தாது. வளர்ந்த ஒருவருக்கு 18.5 என்பது நிறை குறைவின் விளிம்பு. பத்து வயது ஆண் பிள்ளைக்கு அதே 18.5 அதிக நிறையின் வாசல். அந்த வயதில் 13.7இற்குக் கீழே போனால்தான் மெலிவு என்று கொள்ளப்படுகிறது. இன்று கைத்தொலைபேசியில் இருக்கும் பி.எம்.ஐ. கணிப்பான்கள் பல, வயதைக் கேட்காமலே பதில் சொல்கின்றன. அதில் பிள்ளையின் நிறையைப் போட்டுப் பார்த்துவிட்டு, 'நிறை போதாது' என்று சீனியும் மாவும் கரைத்துக் கொடுக்கும் பெற்றோரைச் சந்தித்திருக்கிறேன்.

பாடசாலைகளில் தரம் 1, 4, 7, 10 மாணவருக்கு நடக்கும் மருத்துவப் பரிசோதனை இதனால்தான் முக்கியமானது. அங்கே வயதுக்கும் பாலுக்கும் உரிய அட்டவணையோடுதான் அளவு ஒப்பிடப்படுகிறது. ஆனால் ஒரு நாள் எடுத்த ஒரு புள்ளியைவிட, பல புள்ளிகளைச் சேர்த்து வரும் கோடு கூடுதலாகப் பேசும். பிள்ளை எப்போதும் மெலிந்த கோட்டிலேயே வளர்ந்தால் ஒரு பொருள். நடுக்கோட்டில் வந்த பிள்ளை திடீரெனக் கீழே விழுந்தால் வேறு பொருள். 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 90 வீதத்தைத் தாண்டியது. அந்த வருடம் முட்டையும் மீனும் பால்மாவும் எத்தனை வீடுகளில் நின்றுபோயின என்பதை இந்தக் கோடுகள்தான் காட்டும்.

இந்தக் கோட்டிலும் போர் ஒரு வெட்டு விழுத்தியிருக்கிறது. 2009இற்கு முன் பிறந்த பிள்ளைகள் பலரின் சுகாதாரப் பதிவேடுகள் சுதந்திரபுரத்திலும் இரணைப்பாலையிலும் மாத்தளனிலும் விடுபட்டன. பிறந்த நிறை என்ன, முதல் வருடத்தில் எவ்வளவு ஏறியது என்ற விபரம் இல்லாமலே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. அந்தப் பிள்ளைகள் இன்று தாங்களே தாய் தந்தையராகிக்கொண்டிருக்கிறார்கள்.

மெலிந்த உடலுக்குள் இருக்கும் கொழுப்பு

நிறையை அளக்கும் தராசுக்குத் தசையும் கொழுப்பும் ஒன்றுதான். நெல்மூட்டை தூக்கும் இளைஞனின் சுட்டி 26 ஆக இருக்கலாம். அது தசையாக இருக்கலாம். நாள் முழுவதும் கதிரையில் இருந்து வேலைசெய்பவரின் சுட்டி 22 ஆக இருக்கலாம். வயிற்றைச் சுற்றி அவருக்குக் கொழுப்பு நிறைந்திருக்கலாம்.

இதைக் காட்டும் புகழ்பெற்ற படமொன்று 2004இல் 'லான்செற்' மருத்துவ இதழில் வெளிவந்தது. புனேயைச் சேர்ந்த நீரிழிவு ஆய்வாளர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் பிரித்தானிய வைத்தியர் ஜோன் யூட்கினும் அருகருகே நிற்கிறார்கள். இருவரின் சுட்டியும் 22.3. ஆனால் யூட்கினின் உடலில் கொழுப்பு 9.1 வீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 வீதம். ஒரே இலக்கத்துக்குள் இரண்டு மடங்குக்கு மேற்பட்ட வித்தியாசம்.

இது பெரியவர்களான பின் வருவது மட்டுமல்ல. யாஜ்னிக்கின் குழு புனேயைச் சூழ்ந்த கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ரன் நகரக் குழந்தைகளோடு ஒப்பிட்டது. புனேக் குழந்தைகளின் சராசரி நிறை 2.7 கிலோ, சவுத்தாம்ரனில் 3.5 கிலோ. நிறை இவ்வளவு குறைந்தும், புனேக் குழந்தைகளின் தோலுக்கடியில் இருந்த கொழுப்பு அந்த அளவுக்குக் குறைந்திருக்கவில்லை. குறைந்தது தசையும் உள்ளுறுப்புகளும். நமது உடல்களும் இந்தத் தென்னாசிய உடல்கள்தான்.

பட்டினி உடலில் எழுதியது

2009 ஜனவரியில் விசுவமடுவுக்குக் கிழக்கே, உடையார்கட்டு, சுதந்திரபுரம் பகுதிகளை உள்ளடக்கி அரசு முதலாவது பாதுகாப்பு வலயத்தை அறிவித்தது. அங்கிருந்து மாத்தளன், முள்ளிவாய்க்கால் வரை ஒதுக்கப்பட்ட சனம் கடைசி வாரங்களில் எதைச் சாப்பிட்டது என்பதை நான் இங்கே விளக்கத் தேவையில்லை. ஒவ்வொரு மே மாதமும் சிரட்டையில் வாங்கிக் குடிக்கும் கஞ்சி அதைத்தான் நினைவூட்டுகிறது. நாம் அந்தக் கஞ்சியை நினைவாக வைத்திருக்கிறோம். உடலும் தன் பாட்டில் ஒரு நினைவை வைத்திருக்கிறது என்கிறது விஞ்ஞானம்.

சுட்டிக்குப் பெயர் வைத்த அதே ஆன்செல் கீஸ், 1944-45இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு பட்டினி ஆய்வை நடத்தியவர். போருக்குச் செல்ல மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து ஆறு மாதம் அரைப் பட்டினி கிடந்தார்கள். உடல் நிறையில் ஏறத்தாழ கால்வாசியை இழந்தார்கள். பிறகு உணவு கொடுத்தபோது நிறை திரும்பியது. ஆனால் முதலில் திரும்பியது கொழுப்பு. தசை மெதுவாகவே வந்தது. தராசில் பழைய நிறை. உடலுக்குள் பழைய உடல் இல்லை. மெனிக் பாம் முகாமிலிருந்து வெளியே வந்து, இரண்டொரு வருடத்தில் 'தேறிவிட்ட' உடல்களைப் பற்றி யோசிக்கும்போது இந்த ஆய்வு என் நினைவுக்கு வருகிறது.

கருவிலிருந்தபோது பட்டினியைச் சந்தித்தவர்களின் கதை இன்னும் நீளமானது. 1944-45 குளிர்காலத்தில் நாசிகளின் முற்றுகையால் நெதர்லாந்தின் மேற்குப் பகுதி பட்டினி கிடந்தது. அப்போது தாயின் வயிற்றிலிருந்தவர்களை ஐம்பது வயதளவில் பரிசோதித்தபோது, குருதியிலுள்ள வெல்லத்தைக் கட்டுப்படுத்தும் திறன் அவர்களிடம் குறைந்திருந்தது. 1967-70 பயாபரா போர்ப் பஞ்சத்தில் கருவிலோ கைக்குழந்தையாகவோ இருந்தவர்களை நைஜீரியாவின் எனுகு நகரில் ஆராய்ந்து, 2010இல் முடிவை வெளியிட்டார்கள். நாற்பது வயதளவில் அவர்களிடம் உயர் குருதியமுக்கமும் வெல்லக் கோளாறும் கூடுதலாகக் காணப்பட்டன.

பயாபராவில் கண்டதை அப்படியே முள்ளிவாய்க்காலுக்குப் பொருத்தி, எல்லோருக்கும் நோய் வரும் என்று பயமுறுத்துவது என் நோக்கமல்ல. அங்கே பஞ்சம் நீண்டது; இங்கே கடைசி மாதங்களில் கடுமையானது. ஆனால் திசை ஒன்றுதான். 2009இல் கருவிலிருந்த பிள்ளைகள் பலருக்குப் பாடசாலைப் பரிசோதனையும் முடிந்துவிட்டது. நாற்பதில் தெரியக்கூடிய ஒன்றை இருபதிலிருந்தே கவனிக்கும் வாய்ப்பு நமக்கு இருக்கிறது.

கால் இல்லாதவரின் நிறை

சுட்டி மிகத் தெளிவாகப் பிழைக்கும் இடம், வன்னியில் நாம் தினமும் காணும் இடம். அவயவம் இழந்தவர்கள்.

முழுக்கால் ஒன்று உடல் நிறையில் ஏறத்தாழ 16 வீதம். முழங்காலுக்குக் கீழே மட்டும் என்றால் ஏறத்தாழ 6 வீதம். முழுக்கை 5 வீதம். இதைச் சேர்த்துக் கணக்கிடாவிட்டால் சுட்டிக்குப் பொருளில்லை. 170 சென்ரிமீற்றர் உயரமான ஒருவருக்கு ஒரு கால் இடுப்போடு இல்லை. நிறை 66 கிலோ. நேரடிக் கணக்கில் சுட்டி 22.8, 'சாதாரணம்'. ஆனால் 66ஐ 0.84ஆல் வகுத்துத் திருத்தினால் நிறை 78.6 கிலோ, சுட்டி 27.2. அதிக நிறை. மறுபக்கமும் உண்டு. அதே உயரத்தில் அதே காயத்தோடு 52 கிலோ உள்ளவரை அட்டை 'நிறை குறைவு' என்று சொல்லும். திருத்தினால் அவருடைய சுட்டி 21.4. அவருக்கு நிறை குறையவில்லை, கால் குறைந்திருக்கிறது.

ஷெல்லில் காலை இழந்த ஓர் அண்ணர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "பொய்க்காலோட ஏறினால் ஒரு நிறை, கழட்டிப்போட்டு ஏறினால் இன்னொரு நிறை. எது என்ர நிறை எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை." ஒற்றைக் காலோடு நடப்பது கடினம். நடை குறைய வயிறு வைக்கும், வயிறு வைக்கப் பொய்க்கால் பொருந்தாமல் போகும், பொருந்தாவிட்டால் நடை இன்னும் குறையும். அவருக்கு நீரிழிவு வந்தால் எஞ்சியிருக்கும் மற்றக் காலுக்கும் ஆபத்து. இவர்களிடம் இலக்கம் பிழைப்பது சின்ன விடயமல்ல.

முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் இருப்போரின் கால்தசைகள் கரைந்துவிடுகின்றன. அவர்களுக்கு உடற்பருமனின் எல்லையை 30 அல்ல, 22 என்று வைப்பதே பொருந்தும் என்று 2009இல் வெளிவந்த ஆய்வொன்று சொன்னது.

முதுமையில் இலக்கம் தலைகீழாகும்

முப்பதுக்குப் பின் தசை மெல்லக் குறையத் தொடங்குகிறது. அறுபதுக்குப் பின் அது வேகமாகும். முள்ளந்தண்டு என்புகள் அமுங்கி உயரமும் குறையும். 155 சென்ரிமீற்றர் உயரமும் 50 கிலோ நிறையும் கொண்ட ஒரு பெண்ணின் சுட்டி 20.8. எழுபது வயதில் அவர் 149 சென்ரிமீற்றராகக் கூனி, 47 கிலோவாக மெலிந்தால் சுட்டி 21.2. மூன்று கிலோவை இழந்தும் சுட்டி கூடிவிட்டது. அட்டையைப் பார்த்தால் அம்மம்மா தேறிவருகிறார் போலத் தெரியும்.

முதியோருக்கு 'சாதாரணம்' என்ற எல்லையே வேறாக இருக்கலாம். 65 வயதைக் கடந்தோரைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளிவந்த ஆய்வு, 23இற்குக் கீழ் உள்ளவர்களிடம் இறப்பு ஆபத்து கூடுவதையும், 25ஐச் சற்றுத் தாண்டியவர்களிடம் கூடாமல் இருப்பதையும் காட்டியது. பிள்ளைகள் வெளிநாட்டிலிருக்க, தனியே சமைத்துத் தேத்தண்ணியும் பிஸ்கற்றுமாக நாளைக் கழிக்கும் முதியவருக்கு ஆபத்து பருமனில் இல்லை, மெலிவில் இருக்கிறது. முயற்சி இல்லாமலே ஆறு மாதத்தில் நிறையில் 5 வீதம் குறைந்தால், சுட்டி என்னவாக இருந்தாலும் வைத்தியரைப் பார்க்க வேண்டும்.

அப்படியென்றால் என்ன செய்வது?

சுட்டியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. தராசும் சுவரில் ஒட்டிய அளவுநாடாவும் போதும், செலவில்லை. பெருந்தொகை மக்களின் போக்கை அறிய அது உதவும். 30ஐத் தாண்டினாலும் 18.5இற்குக் கீழே இறங்கினாலும் அதைப் பாராமுகமாக விடக்கூடாது. 2023இல் அமெரிக்க மருத்துவச் சங்கமும், 2025 ஜனவரியில் லான்செற் ஆணைக்குழுவும் சொன்னது ஒன்றுதான்: இந்த இலக்கத்தை மட்டும் வைத்துத் தனியொருவரைத் தீர்மானிக்காதீர்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. உங்கள் உயரத்துக்கு ஒரு கயிற்றை அளந்து, அதை இரண்டாக மடியுங்கள். மடித்த கயிறு இடுப்பைச் சுற்றி எட்டவில்லை என்றால், சுட்டி 'சாதாரணம்' என்றாலும் ஒருமுறை குருதிச் சோதனை செய்யுங்கள். இடுப்பளவு உயரத்தின் பாதிக்குள் இருக்க வேண்டும் என்பது 2022இல் பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டலும்கூட. தென்னாசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் என்பது இடுப்பளவின் எச்சரிக்கை எல்லை. சாப்பிடாமல் எடுக்கும் குருதிச் சோதனையில் வெல்லம் 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ வந்து, மறுமுறையும் அப்படியே இருந்தால் அது நீரிழிவு. சுகாதார அமைச்சின் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்களில் இந்தச் சோதனைகள் இலவசம். அங்கே பெண்கள் வருகிறார்கள். ஆண்கள் வயலையும் கூலியையும் காரணம் காட்டி வராமல் விடுகிறார்கள். காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போகும் ஒருவருக்கு ஞாயிற்றுக்கிழமை கிளினிக் வைத்தால் என்ன என்ற கேள்வியை விவசாய அமைப்புகளும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் கேட்கலாம்.

சுகாதாரத் துறையிடம் கேட்க வேண்டியவை அதிகச் செலவானவை அல்ல. சுட்டியோடு இடுப்பளவையும் எழுதுங்கள். அவயவம் இழந்தவரின் அட்டையில் திருத்திய நிறையை எழுதுங்கள். பொய்க்காலோடு நிறுத்ததா, இல்லாமலா என்பதைக் குறியுங்கள். முதியவரின் உயரத்தை வருடத்துக்கொரு தடவை மீண்டும் அளவுங்கள். பிள்ளைகளின் பாடசாலை அளவுகளைப் பதினெட்டு வயதோடு மூடிவிடாமல், வளர்ந்தோர் கிளினிக்குக்குக் கொண்டுசெல்ல வழி செய்யுங்கள்.

கூடவே, வடக்கு மாகாணத்தின் கிளினிக் அட்டைகளில் இரண்டு வரி சேர்க்கப்பட வேண்டும். 2009இல் உங்களுக்கு எத்தனை வயது? அப்போது எங்கே இருந்தீர்கள்? இதை அரசியல் கேள்வி என்று யாராவது தயங்கலாம். நெதர்லாந்தில் வைத்தியர்கள் அதைக் கேட்டார்கள், எனுகுவில் கேட்டார்கள். பதில் கிடைத்ததால்தான் பட்டினியின் நீண்டகால விளைவை உலகம் அறிந்தது. இங்கே கேள்வியே கேட்கப்படாமல் இருக்கும்வரை, அடுத்தமுறை நீங்கள் கிளினிக்குக்குப் போகும்போது அதை நீங்களே சொல்லுங்கள். "நான் அப்ப மாத்தளனிலை இருந்தனான், மூன்று மாதம் ஒழுங்கான சாப்பாடில்லை" என்ற ஒரு வசனம், உங்கள் நிறையையும் உயரத்தையும் போலவே வைத்தியர் அறிய வேண்டிய விபரம்.